அன்னம் இல்லாத சரஸ்வதி

டிசம்பர் கடைசியில், பேட்டைக் கிளப்பை நடத்தும் தபன்தா ஓர் இளைஞனை அழைத்து வந்தார். தோளில் பை, கையில் அளவு டேப். விளம்பர ஏஜென்சியில் வேலை என்றார்.

ஸ்ரீநாத்தும் சேர்ந்து மூவரும் சந்து முனையில் நின்று சுவரைப் பார்த்தார்கள். அது ஸ்ரீநாத் வீட்டின் பக்கச் சுவர். பாசியும் மழைக்கறையும் போக அதில் ஒரு வளைந்த கழுத்து, ஒரு கண், பாதித் தாமரை மிஞ்சியிருந்தன.

"இதைப் புதுசா எழுதப் போறாங்க," என்றார் தபன்தா வங்காளியில். "அதே அன்னம், அதே இடம். பழைய சுவரையெல்லாம் கம்பெனி திரும்ப எழுதுதாம். நம்ம சரஸ்வதி பூஜைச் செலவையும் அவங்களே ஏத்துக்கறாங்க. மாடிக்காரங்க ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க. நீ என்ன சொல்றே, ஸ்ரீ?"

ஸ்ரீநாத் யோசிக்கவில்லை. உள்ளே போய் ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை எடுத்து வந்தான். மஞ்சள் குர்தா போட்ட இரண்டு பையன்கள். பெரியவன் கையில் சிலேட்டு. சின்னவன் வாயில் இலந்தைப்பழம். பின்னால் சுவர் முழுக்க நீலத் தண்ணீர். அதில் வெள்ளை அன்னம். அதன் கழுத்தில் தங்க வளையம்.

இளைஞன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"எங்களுக்கு வேணும்கிறது இதுதான் சார்," என்றான். "இந்த ஃபீலிங்."

"பெரியவன் என் அண்ணன். பூஜைக்கு வர்றான்," என்றான் ஸ்ரீநாத். "அதுக்குள்ள எழுதி முடிச்சுடுவீங்களா?"

"முடிச்சுடலாம் சார்."

சாயங்காலம் மனைவி ரஞ்சனாவிடம் சொன்னான். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா வரச்சே அதையா பளிச்சுன்னு எழுதி வைக்கப்போறேள்?"

"அது அன்னம்."

"என்ன அன்னம்?"

"எங்காத்து அன்னம். பார்த்தா சந்தோஷப்படுவான்."

"அவர் குடியை விட்டு ரெண்டு வருஷந்தான் ஆறது."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

ரஞ்சனா நறுக்கிய காயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் ஜாம்ஷெட்பூரில் வளர்ந்தவள். அந்தச் சுவர் அவளுக்கு வெறும் சுவர்.

அண்ணன் பார்த்தசாரதி அம்மாவின் காரியங்களுக்கு வந்து போனவன். அதற்குப் பிறகு வரவில்லை. மனைவி பிரிந்துபோய், வேலை போய், ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து இப்போது சென்னையில் ஒற்றை அறையில் தனியாக இருந்தான். அவன் இங்கேயே தங்கிவிட வேண்டும் என்பது ஸ்ரீநாத்தின் ஆசை. வாய்விட்டு அதைச் சொல்லவில்லை. அம்மாவின் அறையை வெள்ளையடித்து, புது மெத்தை போட்டு வைத்தான். அந்த அறைச் சுவரின் வெளிப்புறத்தில்தான் அன்னம் இருந்தது.

*

அப்பா சந்தானத்துக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை. அதற்காகக் கும்பகோணத்திலிருந்து வங்காளத்துக்கு வந்தார். அம்மா சுந்தரவல்லிக்கு வந்த புதிதில் வங்காளி தெரியாது, இங்கிலீஷும் எழுத்துக்கூட்டித்தான். சந்து முனையில் தாமரைக் குளமும் வெள்ளை அன்னமும் பார்த்தாள். சரஸ்வதியின் வாகனம். பக்கத்தில் பள்ளிக்கூடமோ மடமோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். தினமும் காய்கறிக்குப் போகும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள்.

சுவரில் மானஸ் சோடா என்று எழுதியிருந்தது. மானஸ் சோடாவை யாரும் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. மானஸ் விஸ்கியைப் பார்த்திருந்தார்கள். மதுவுக்கு விளம்பரம் கூடாது, சோடாவுக்குக் கூடும். சந்தில் பெரியவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

வங்காளத்தில் சரஸ்வதி பூஜை தை மாதக் குளிரில் வரும். அன்றைக்குக் குழந்தைகளுக்கு எழுத்து தொடங்கி வைப்பார்கள். நவராத்திரியில் ஒரு சரஸ்வதி, குளிரில் ஒரு சரஸ்வதி. வருஷத்தில் இரண்டு நாள் படிக்க வேண்டாம் என்று தமிழ்க் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். அம்மா பார்த்தசாரதியை மடியில் வைத்துக்கொண்டு, அன்னத்துக்கு நேரே தெருவில் உட்கார்ந்து, சிலேட்டில் அ எழுத வைத்தாள். முன்னால் கோலம் போட்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரிகள் சிரித்தார்கள். ஆனால் கோலம் நன்றாக இருந்தது. அடுத்த வருஷம் தங்கள் குழந்தைகளையும் அங்கேயே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்.

அப்பாதான் ஒருநாள் சொன்னார்.

"தினம் யாரைச் சேவிக்கறேன்னு தெரியுமா? சாராயக் கம்பெனிடி அது."

"சோடான்னுதானே போட்டிருக்காம்?"

"சோடாதான். வேஷம் கட்டின சோடா."

அம்மா ஒரு வாரம் தலையைக் குனிந்துகொண்டு சுவரைத் தாண்டினாள். பிறகு கை தானாகவே கன்னத்துக்குப் போயிற்று.

சந்துப் பிள்ளைகள் தாங்களாகவே பூஜை போட ஆரம்பித்தபோது பார்த்தசாரதிக்கு ஒன்பது வயது. எல்லோருமாகப் போய்க் காளிகாட்டில் ஒரு சிலை வாங்கினார்கள். கைக்காசுக்கு எட்டின சிலைக்கு அன்னம் இல்லை. வீணை இருந்தது, புடவை இருந்தது, காலடி மொட்டையாக இருந்தது. பிள்ளைகள் அழும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

"எதுக்கு அன்னம்?" என்றான் பார்த்தசாரதி. "நம்மகிட்டதான் இருக்கே."

சிலையைச் சுவருக்கு முன்னால் வைத்தார்கள். தேவியின் பின்னால் அன்னம் கழுத்தை வளைத்து நின்றது. பாடா என்றால் பேட்டை. வேறு எந்தப் பாடாவிலும் அவ்வளவு பெரிய அன்னம் இல்லை. மற்றப் பாடாக்காரர்கள் வந்து பார்த்துப் போனார்கள்.

அதிலிருந்து அந்தப் பாடாவின் சரஸ்வதிக்கு அன்னம் வாங்குவதில்லை. காளிகாட்டில் சிலை செய்யும் நிமாய் பாலுக்கு அது பழகிவிட்டது. ரிக்ஷாக்காரர்கள் சந்தை ஹாஷ் கலி என்றார்கள். ஹாஷ் என்றால் அன்னம், கலி என்றால் சந்து. கம்பெனி சுவரை மறந்த பிறகும், மழை அன்னத்தைத் தின்ற பிறகும், பெயரும் வழக்கமும் போகவில்லை.

பூஜை முடியும்வரை இலந்தைப்பழம் தின்னக் கூடாது என்பது வங்காளிப் பிள்ளைகளின் கட்டு. ஸ்ரீநாத் ஒரு வருஷம்கூட அதைக் காப்பாற்றியதில்லை. பார்த்தசாரதி அவனுக்குக் காவல் நிற்பான். கொட்டைகளை அவன்தான் வாங்கித் தன் பையில் போட்டுக்கொள்வான்.

ஸ்ரீநாத்துக்கு அன்னம் என்றால் இதுதான்.

*

சென்னை மெயில் தாமதமாக வந்தது. ஹவுராவில் பார்த்தசாரதி ஒற்றைப் பையுடன் இறங்கினான். முடி முழுக்க வெளுத்திருந்தது. முகம் தெளிந்திருந்தது.

"டாக்ஸி வேண்டாம்டா," என்றான். "படகுல போலாம்."

படித்துறையில் நின்று மண் கோப்பையில் டீ குடித்தார்கள். படகில் ஏறியதும் பார்த்தசாரதி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பனியில் பாலம் பாதிதான் தெரிந்தது.

"அப்பா இங்க நின்னுண்டு கப்பல் பேரெல்லாம் வாசிப்பார்," என்றான்.

"நீ திருத்துவே."

"தப்பா வாசிச்சா திருத்தாம?"

இருவரும் சிரித்தார்கள். ஸ்ரீநாத் அண்ணன் பக்கத்தில் நகர்ந்து நின்றான். எல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைத்தான்.

அக்கரையில் டாக்ஸி பிடித்தார்கள். லேக் கார்டன்ஸில் சந்து முனைக்கு முன்பே ஸ்ரீநாத் அதை நிறுத்தச் சொன்னான். நடந்து வர வைத்தான். மூங்கில் சாரத்தில் பெயின்டர் உட்கார்ந்திருந்தான். பச்சைச் சுவர் போய் நீலம் வந்திருந்தது. அன்னத்துக்கு வெள்ளை ஒரு பூச்சு ஆகியிருந்தது. தங்க வளையம் முடிந்திருந்தது. கண் இன்னும் வைக்கவில்லை.

பார்த்தசாரதி பையைக் கீழே வைத்தான்.

வெகுநேரம் பார்த்தான். பிறகு கிட்டே போனான்.

"கழுத்து தப்பு," என்றான் பெயின்டரிடம் வங்காளியில். "இன்னும் வளையணும். கண் அங்க இல்ல. கீழ. இன்னும் கீழ. ஆ, அங்கதான்."

பெயின்டர் பென்சிலால் புள்ளி வைத்தான். சரியாக இருந்தது.

"பார்த்தயா," என்றான் ஸ்ரீநாத் வாசலில் நின்ற ரஞ்சனாவிடம். "எப்படி ஞாபகம் வெச்சிருக்கான்!"

"பார்த்தேன்," என்றாள் ரஞ்சனா.

அக்ஷரா வந்து பெரியப்பாவின் காலைத் தொட்டாள், வங்காளி முறையில். ஒன்பதாவது படிக்கிறாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேச்சில் பாதி வங்காளி: பெரியப்பா ஜேட்டு, சாமி சிலை டாகூர்.

"ஜேட்டு, நீங்கதான் ஹாஷ் இல்லாம டாகூர் வாங்கினதுன்னு தபன் ஜேட்டு சொல்றார். ட்ரூவா?"

"ட்ரூ."

"ஸோ கூல்!"

*

மூன்றாம் நாள்தான் ஸ்ரீநாத் கவனித்தான். பார்த்தசாரதி பாலுக்குப் போனால் பின்கதவைத் திறந்துகொண்டு, ரயில் கேட் பக்கமாகச் சுற்றிப் போனான். சுற்றியே திரும்பினான். முன்வாசல் வழியாகப் போனால் கடை கூப்பிடு தூரம். மெத்தையும் இடம் மாறியிருந்தது. அம்மாவின் அறையிலிருந்து ஹாலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அந்த அறையில் ஈரம் என்றான். ஈரம் இல்லை.

மறுநாள் காலை ஏரிக்கரைக்கு நடக்கப் போனார்கள். படகுக் கிளப் பையன்கள் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெஞ்சு பனியில் நனைந்திருந்தது. ஸ்ரீநாத் கைக்குட்டையால் துடைத்தான்.

"ஏன் பின்பக்கமா போறே?"

பார்த்தசாரதி உட்கார்ந்தான்.

"சென்னையில எங்க கூட்டத்துல ஒண்ணு சொல்லித் தருவா. குடிக்கணும்னு தோணித்துன்னா கண்ணை மூடிண்டு, மனசுக்குப் பிடிச்ச ஓர் இடத்தை நினைச்சுக்கோன்னு. பயமில்லாம இருந்த இடம். ஒருத்தர் கடல்ங்கறார். ஒருத்தர் திருவண்ணாமலைங்கறார். எனக்கு என்ன வந்தது தெரியுமா?"

ஸ்ரீநாத் ஈரக் கைக்குட்டையை மடித்தான்.

"சுவர். அம்மா கோலம் போடறா. நீ கொட்டையைத் துப்பறே. மேல அது நிக்கறது, வளையத்தோட. அதை மட்டும் எடுத்துட்டு மத்ததை வெச்சுக்கலாம்னு பார்த்தேன். முடியலைடா."

"எனக்குத் தோணவே இல்லை."

"உனக்கு ஏன் தோணணும்? உனக்கு அது அன்னம்." பார்த்தசாரதி உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டான். "எனக்குப் பதினேழு வயசு. சிலையைக் கரைச்சுட்டு நாலு பேர் கடைக்குப் போனோம். கடைக்காரன் எதுன்னு கேட்டான். அலமாரி நிறைய இருந்தது. மத்தவா முழிச்சுண்டு நின்னா. நான் அன்னத்தைப் பார்த்துக் கையை நீட்டிட்டேன். பேரைக்கூடப் படிக்கலை. நம்மாத்து வாசலைப் பார்த்த மாதிரி இருந்தது."

ஏரியில் ஒரு படகு திரும்பியது. துடுப்புகள் ஒன்றாக எழுந்தன.

"கம்பெனி மேல பழி போடலை. குடிச்சவன் நான். அந்தச் சந்துல எத்தனை பேர் வளர்ந்தா? நீ குடிக்கறயா? ஆனா எனக்கு அது வெளியில இருந்து வரலைடா. ஆத்துலேர்ந்து வந்தது."

"நீ சந்தோஷப்படணும்னுதான்..."

"சந்தோஷமாத்தான் இருந்தது. அதான் பின்பக்கமா போறேன்."

"சொல்லியிருக்கலாமே."

"மெயில்ல வரச்சே, அழிஞ்சிருக்கும்ங்கற தைரியத்துல வந்தேன்." சிரித்தான். "நீ எழுத வெச்சுட்டே."

ஸ்ரீநாத் எழுந்தான்.

"நிறுத்தச் சொல்லிடறேன்."

"எனக்காக வேண்டாம். பூஜை முடிஞ்சதும் நான் கிளம்பிடுவேன். எனக்காக ஒரு பாடாவோட பூஜையைக் கெடுக்காதே. எல்லாரும் என் மூஞ்சியைப் பார்ப்பா. அது வேண்டாம், ஸ்ரீ. சத்தியமா வேண்டாம்."

திரும்பும்போது ஸ்ரீநாத்தும் ரயில் கேட் பக்கமாகவே வந்தான்.

*

பூஜைக்கு முந்தின ஞாயிறு குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி. எல்லாப் பாடாவிலும் உண்டு. தெருவை மறித்து, விரிப்பு போட்டு, அதில் குழந்தைகளை உட்கார வைத்து வரையச் சொல்வார்கள். அட்டை, க்ரேயான், தண்ணீர் டப்பா. அம்மாக்கள் விளிம்பில் நின்றுகொண்டு உத்தரவு போடுவார்கள். யாரும் உதவக் கூடாது என்று தபன்தா மைக்கில் கத்துவார்.

கம்பெனியிலிருந்து ஒரு மூட்டை வந்திருந்தது. பெரிய பிள்ளைகள் மேற்பார்வைக்கு நின்றார்கள். எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளை டி-ஷர்ட். நெஞ்சில் அன்னம், கழுத்தில் தங்க வளையம். அக்ஷராவும் போட்டிருந்தாள்.

"இதை யார் குடுத்தா?" என்றான் ஸ்ரீநாத்.

"கிளப்ல. அழகா இருக்குல்ல?"

"அது என்னன்னு தெரியுமா?"

"ஸோடாதானேப்பா போட்டிருக்கு," என்றாள் அக்ஷரா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளுக்குத் தெரியும்.

தன் அம்மாவுக்கு முதலில் தெரியாமல் இருந்தது. அதுதான் வித்தியாசம் என்று நினைத்தான். அது பெரிய வித்தியாசமா என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

தலைப்பு சரஸ்வதி. ஓவிய ஆசிரியரும் ஸ்ரீநாத்தும் நடுவர்கள். அட்டைகளை வாங்கி மேஜையில் பரப்பினார்கள். தேவிகள் பல நிறத்தில் இருந்தார்கள். ஒருத்திக்கு ஆறு விரல். ஒருத்தியின் வீணை கிட்டாராக இருந்தது. ஒருத்தி கண்ணாடி போட்டிருந்தாள்.

அன்னங்கள் மட்டும் ஒன்றாக இருந்தன. எல்லாவற்றின் கழுத்திலும் வளையம் இருந்தது.

ஸ்ரீநாத் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். மஞ்சள் க்ரேயானால், ஆரஞ்சால் வளையம் போட்டிருந்தார்கள், ஒருத்தி பளபளக்கும் பேனாவால். ஒரு பையனுடைய படத்தில் தேவியே இல்லை. நீலமும் அன்னமும்தான்.

தித்லி என்ற சிறுமி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இந்த வருஷம்தான் எழுத்து தொடங்குகிறது.

"இது என்ன?" என்று வங்காளியில் கேட்டான்.

"மா சரஸ்வதி."

"அது தெரியுது. அன்னத்துக்குக் கழுத்துல என்ன?"

"மாலை."

"அன்னத்துக்கு மாலை உண்டா?"

சிறுமி அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். பெரியவர்களுக்கு இதுகூடத் தெரியவில்லை. திரும்பி, சுவரை நோக்கிக் கையை நீட்டினாள்.

ஓவிய ஆசிரியர் சிரித்தார். ஸ்ரீநாத் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எழுத்து எதையும் படிக்கவில்லை. அவளுக்கு இன்னும் படிக்கத் தெரியாது.

*

கிளப்பில் தபன்தா கேரம் ஆடிக்கொண்டிருந்தார். ஸ்ரீநாத் சொன்னதும் ஸ்ட்ரைக்கரை வைத்துவிட்டார்.

"பைத்தியமா உனக்கு? நாலு நாள்ல பூஜை."

"என் வீட்டுச் சுவர், தபன்தா. வேண்டாம்."

"நீதானே படத்தைக் கொண்டுவந்து காட்டினே? நாங்களா கேட்டோம்?"

"நான்தான்."

"சோடாடா ஸ்ரீ, சோடா!"

"நீங்க குடிச்சிருக்கீங்களா அந்தச் சோடாவை?"

பலகையைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தபன்தாவுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"மாஷிமா, உன் அம்மா, அதுக்குக் கோலம் போட்டாங்க. ஞாபகம் இருக்கா? என் பையனுக்கு அங்கதான் எழுத்து ஆரம்பிச்சோம். ஒரு மதராஸி பண்ணிவெச்ச வழக்கத்தை இன்னொரு மதராஸி வந்து கெடுக்கறான். நாம எல்லாரும் அதைப் பார்த்துத்தானே வளர்ந்தோம்? நாம என்ன கெட்டா போயிட்டோம்?"

சொல்லிவிட்டு நிறுத்தினார். கேரம் பலகையைப் பார்த்தார். கறுப்புக் காய் ஒன்றை விரலால் தள்ளினார்.

"பார்த்தோ கேட்டானா?" என்றார் மெதுவாக.

"இல்லை. வேண்டாம்னுதான் சொன்னான்."

"பின்னே?"

ஸ்ரீநாத் கொண்டுவந்திருந்த அட்டைகளைப் பலகைமேல் வைத்தான். தபன்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஒன்று, இன்னொன்று. அவருடைய பேத்தியின் படம் வந்தது. அதை எடுத்துத் தனியாக வைத்தார். மற்றவற்றைப் பார்த்துவிட்டு மறுபடியும் அதை எடுத்தார்.

"எல்லாத்துலயும் வளையம்," என்றார்.

"ஆமாம்."

"ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் போட்டிருப்பான்."

"எதைப் பார்த்து?"

தபன்தா அட்டைகளை அடுக்கினார். வெகுநேரம் ஓரங்களைச் சமன் செய்துகொண்டிருந்தார்.

"கிச்சடியோட கத்தரிக்காய் வறுவல் கிடையாது இந்த வருஷம்," என்றார் கடைசியில். "பாயசமும் கிடையாது. கேட்கிறவங்களை உன் வீட்டுக்கு அனுப்பறேன். நீயே பதில் சொல்லு."

"அனுப்புங்க."

"டி-ஷர்ட்டைத் திரும்ப வாங்க முடியாது. பசங்க கழட்ட மாட்டானுங்க."

அது உண்மை. அக்ஷராவும் கழற்றவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் அப்பாவிடம் பேசவில்லை. அவளும் தோழிகளும் ரீல் எடுப்பதற்காகச் சுவருக்கு முன்னால் ஆடிப் பழகியிருந்தார்கள்.

பெயின்டர் அதற்குள் கண்ணை வைத்து முடித்திருந்தான். சரியான இடத்தில் வைத்திருந்தான். அன்னம் ஸ்ரீநாத்தைப் பார்த்தது. கழுத்து அம்மாவின் காலத்தில் இருந்தபடியே வளைந்திருந்தது. கொஞ்ச நேரம் நின்றான். அந்தக் கொஞ்ச நேரம் அவனுக்கு எட்டு வயது.

பிறகு வெள்ளை பெயின்ட் வாளியைக் கொண்டுவந்தான். மாடி வீட்டுப் பையன்கள் இருவர் உதவினார்கள். முதல் பூச்சில் வளையம் தெரிந்தது. இரண்டாவதிலும் மங்கலாகத் தெரிந்தது. மூன்றாவது பூசினார்கள்.

பார்த்தசாரதி வாசலுக்கு வந்து நின்றான்.

"வேண்டாம்னு சொன்னேனே."

"உனக்காக இல்லை."

"யாருக்காக?"

"தித்லிக்காக."

"யாரது?"

"உனக்குத் தெரியாது. படிக்கத் தெரியாத பொண்ணு."

பார்த்தசாரதி சாரத்தில் இருந்த இன்னொரு பிரஷ்ஷை எடுத்தான். எடுத்தவன் அதை நனைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, அவர்கள் பூசி முடிக்கும்வரை நின்றான்.

*

பூஜைக்கு முந்தின நாள் அண்ணனும் தம்பியும் சிலை எடுக்கக் காளிகாட் போனார்கள். அங்கே சந்தின் இரு பக்கமும் சரஸ்வதிகள் வரிசையாக நின்றார்கள். ஈர மண்ணும் வார்னிஷும் மணத்தன. நிமாய் பால் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு தேவிக்குப் புருவம் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஹாஷ் கலிதானே? அதோ, தயார்," என்றார்.

வழக்கமான சிலை. வீணை, புடவை. காலடி மொட்டை.

"இந்தத் தடவை அன்னம் வேணும்," என்றான் ஸ்ரீநாத்.

நிமாய் பால் பிரஷ்ஷை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

"உங்க பாடாவுக்கா? உங்களுக்கு அன்னம் கிடையாதே. எனக்குத் தெரிஞ்சு கிடையாது."

"இப்ப வேணும்."

"இப்பச் சொன்னா? நாளைக்குப் பூஜை. மண்ணு காயணுமே, பாபு. அன்னம் என்ன மரத்துலயா காய்க்குது?"

பார்த்தசாரதி கடைக்குள் நுழைந்து கீழே தேடினான். தட்டுமுட்டுக்கு நடுவில் ஒன்று கிடந்தது. சின்னது. வெள்ளை மட்டும் அடித்திருந்தது. அலகு இல்லை, கண் இல்லை.

"அது வேற சிலைக்குச் செஞ்சது," என்றார் நிமாய் பால். "அளவு சரியா வரலைன்னு வெச்சுட்டேன்."

"போறும்," என்றான் பார்த்தசாரதி தமிழில். பிறகு வங்காளியில், "கண்ணு மட்டும் வெச்சுக் குடுங்க."

நிமாய் பால் முனகிக்கொண்டே வாங்கினார். அலகுக்கு ஆரஞ்சு தொட்டார். கண்ணுக்குப் பிரஷ்ஷைக் கொண்டுபோனவர் நிறுத்தி, "கழுத்துக்குக் கொஞ்சம் தங்கம் அடிக்கட்டா? உங்க அன்னத்துக்கு இருக்குமே," என்றார்.

"வேண்டாம்," என்றார்கள் இருவரும்.

சிலையைச் சின்ன லாரியில் ஏற்றிப் பையன்களோடு அனுப்பினார்கள். அன்னத்தின் கண் காயவில்லை. பார்த்தசாரதி அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வேட்டியெல்லாம் வெள்ளைப் பொடி.

"எங்க?" என்றான் ஆட்டோக்காரன்.

"ஹாஷ் கலி," என்றான் பார்த்தசாரதி.

ரயில் கேட் வந்தபோது ஸ்ரீநாத் அண்ணனைப் பார்த்தான். ஆட்டோக்காரன் வேகத்தைக் குறைத்தான்.

"எந்தப் பக்கம்?"

"நேரா," என்றான் பார்த்தசாரதி. "முன்பக்கம்."

சந்து முனையில் சுவர் வெள்ளையாக இருந்தது. அதன் முன்னால் தேவியை இறக்கி வைத்திருந்தார்கள். பின்னால் ஒன்றும் இல்லாததால் சின்னதாகத் தெரிந்தாள். சாமந்தி மாலை கட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். அக்ஷராவும் இருந்தாள். வெள்ளை டி-ஷர்ட்டின் மேல் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

தித்லி ஓடி வந்து பார்த்தசாரதியின் கையை எட்டிப் பார்த்தாள்.

"குட்டி!" என்றாள்.

"குட்டிதான்."

"மாலை எங்க?"

"இதுக்கு மாலை கிடையாது."

சிறுமி யோசித்தாள். அக்ஷராவின் தட்டிலிருந்து ஒரு சாமந்தியை எடுத்துக் கொடுத்தாள். பார்த்தசாரதி அன்னத்தைத் தேவியின் காலடியில் வைத்து, மண் அசையாமல் ஒரு கல்லை முட்டுக் கொடுத்து, பூவை அதன் பக்கத்தில் வைத்தான். பின்னால் தள்ளி வந்து பார்த்தான்.

"கழுத்து எப்படி இருக்கு?" என்றான்.

"கொஞ்சம் குட்டை," என்றான் ஸ்ரீநாத்.

"ரெண்டு நாளைக்குத்தானே. கரைஞ்சுடும்."

"கரைஞ்சுடும்."

ரஞ்சனா காபியைக் கொண்டுவந்து இருவரிடமும் நீட்டினாள். பார்த்தசாரதி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். வெள்ளைச் சுவரில் சாய்ந்து நின்று குடித்தான்.

"அடுத்த வருஷம் நிமாய்கிட்ட முன்னாடியே சொல்லிடணும்," என்றான்.

ஸ்ரீநாத் தலையாட்டினான். பையிலிருந்து ஓர் இலந்தைப்பழத்தை எடுத்து, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, வாயில் போட்டுக்கொண்டான். பார்த்தசாரதி சுவரைவிட்டு நகர்ந்து, தித்லிக்கும் அவனுக்கும் நடுவில் வந்து மறைத்துக்கொண்டு நின்றான். திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டினான்.